தங்க மீன் தொட்டிக்கு ஏற்ற நீர்



திருச்சியிலிருந்து குடும்பத் தலைவி ஒருவர் எழுதிய மடல் நம் முன் இருக்கிறது. அவருடைய மகள் புதுநன்மை பெற்ற நாளில், ஞானத்தந்தை கண்ணாடிக் குடுவை ஒன்றையும் நான்கு தங்க மீன்களையும் பரிசாகக் கொடுத்தாராம். மே மாதம் முடிவதற்குள் அவற்றில் மூன்று இறந்துவிட்டன. முதல் மீன் இறந்தபோது, விற்ற கடைக்காரர் நீரைச் சூடாக்கும் ஹீட்டர் வாங்கிப் போடச் சொன்னார். இரண்டாவது இறந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஐஸ் கட்டி போடச் சொன்னார். ஐஸ் போட்ட அன்றே மூன்றாவதும் போயிற்று. "தங்க மீனுக்கு நீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்? ஒரே ஓர் எண்ணைச் சொல்லுங்கள், அதன்படி நடக்கிறேன். எஞ்சியுள்ள ஒன்றையாவது பிள்ளைக்குக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும்" என்று கேட்டிருக்கிறார்.

எண்ணைக் கேட்டவருக்கு முதலில் எண்ணையே தந்துவிடுகிறோம். நீண்ட உடலும் ஒற்றை வாலும் உடைய சாதாரணத் தங்க மீன், காமெட், சுபன்கின் ஆகியவற்றுக்கு 16 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை உகந்தது. பருத்துக் குறுகிய உடலும் இரட்டை வாலும் கொண்ட ஒராண்டா, ரியூகின், பிளாக் மூர் போன்றவற்றுக்கு 20 முதல் 23 டிகிரி வரை நல்லது. மீன் வளர்ப்பு நூல்கள் பலவும் ஏறத்தாழ இதையே கூறும். ஆயினும் இந்நூல்களில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. திருச்சியிலோ மதுரையிலோ மே மாதப் பகலில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும் வேளையில், வீட்டுக் கூடத்தில் வைத்த தொட்டி நீர் 30, 31 டிகிரியில் நிற்கும். 20 என்னும் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த நீரோடு போராடுகிறவர், பெரும்பாலும் தம் கையாலேயே மீனைக் கொன்றுவிடுகிறார். ஆகவே எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல், சூடு மீனை என்ன செய்கிறது என்பதையும் சற்று விரிவாகவே பார்ப்போம்.

தங்க மீன் சீன தேசத்தில் தோன்றியது. அங்கே சோங் அரச மரபினர் ஆண்ட காலத்தில் (960–1279), குளங்களில் வளர்ந்த சாம்பல் நிறக் கெண்டை வகை ஒன்றிலிருந்து, இயல்பாகவே பொன்னிறத்தில் பிறந்தவற்றைப் பிரித்தெடுத்து வளர்த்து இந்த இனத்தை உருவாக்கினார்கள். பின்னர் அது ஜப்பானுக்குச் சென்றது. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவையும் அடைந்தது. நம் சந்தையில் விற்கும் கட்லாவும் ரோகுவும் இதே கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆனால் அவை வெப்ப நாட்டில் வளர்ந்தவை. தங்க மீனோ குளிர்காலத்தை அறிந்த நாட்டிலிருந்து வந்தது. பனி உறைந்த குளத்தின் அடியில், பிராணவாயு அற்றுப்போன நீரிலும் சில காலம் உயிரோடிருக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அந்நிலையில் உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை அது சாராயமாக மாற்றிச் செவுள்கள் வழியே வெளியேற்றிவிடுகிறது. இது நடைபெறும் விதத்தை ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழகங்களின் அறிஞர்கள் 2017ஆம் ஆண்டில் இன்னும் நுட்பமாக விளக்கிக் காட்டினர். இப்படிப்பட்ட மீன் நம் வீட்டுக் குடுவையில் மூச்சுத் திணறிச் சாவது விந்தையாகத் தோன்றலாம். அந்த ஆற்றல் குளிர்ந்த நீரில்தான் பயன்படும் என்பதே அதற்கு விடை. குளிரில் மீனின் உடல் மிக மெதுவாக இயங்குவதால் அதன் தேவையும் மிகக் குறைவு. சூட்டில் கதை வேறு.

நமக்கு வெளியில் எவ்வளவு வெயிலடித்தாலும் உடம்பின் சூடு 37 டிகிரியிலேயே நிற்கிறது. மீனுக்கு அந்த வசதி இல்லை. நீர் எவ்வளவு சூடோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அதன் உடற்சூடும். நீரின் சூடு 10 டிகிரி ஏறினால் மீனின் உடலியக்கம் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். இதயம் விரைந்து துடிக்கும். செவுள்கள் விரைந்து அசையும். பிராணவாயுவின் தேவையும் அவ்வாறே பெருகும். 20 டிகிரியில் ஒரு பங்கு வேண்டிய மீனுக்கு 30 டிகிரியில் கிட்டத்தட்ட இரண்டு பங்கு வேண்டும்.

தேவை இவ்வாறு ஏறுகையில், நீர் தரக்கூடியது குறைகிறது. 10 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் 11.3 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்க முடியும். 20 டிகிரியில் அது 9.1 ஆகிறது. 30 டிகிரியில் 7.6. அதுவும் காற்றோடு நன்றாகக் கலந்த நீரில் மட்டுமே. அசையாது கிடக்கும் குடுவை நீரில் இதற்கும் கீழேதான் இருக்கும். இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குடும்பச் செலவு இரட்டிக்கும் மாதத்திலேயே வருமானமும் குறைந்துவிட்டால் இல்லத்தலைவி படும் பாடு எதுவோ, அதுவே கோடையில் மீன் படும் பாடு. நம் ஊர்களில் மே மாதத்தில் இறக்கும் தங்க மீன்களுள் பலவற்றைச் சூடு நேராகக் கொல்வதில்லை. அவை காற்றுக்கு ஏங்கி இறக்கின்றன என்பதே நம் கருத்து.

இங்கே பெற்றோர்களுக்கு ஒன்றைச் சிறப்பாகக் கூற விரும்புகிறோம். மூச்சுத் திணறும் மீன் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து, வாயைத் திறந்து திறந்து மூடும். பிள்ளைகள் அதைப் பார்த்து, "அம்மா, மீனுக்குப் பசிக்கிறது" என்று ஓடி வருவார்கள். உடனே ஒரு சிட்டிகைத் தீனி தூவப்படும். மீன் உண்ணும், அல்லது உண்ணாமல் தீனி அடியில் தங்கும். உண்டால் செரிப்பதற்கு இன்னும் அதிகப் பிராணவாயு வேண்டும். உண்ணாவிட்டால் அத்தீனி அழுகி, அழுகலை உண்டாக்கும் கிருமிகள் நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்னும். இரண்டு வழியிலும் இழப்பு மீனுக்கே. பசித்த மீனையும் மூச்சுத் திணறும் மீனையும் வேறுபடுத்துவது கடினமன்று. பசித்த மீன் ஆளைக் கண்டதும் கண்ணாடியருகே துள்ளி வரும். ஆள் அகன்றால் கீழே போய்க் கூழாங்கற்களைக் கிளறும். மூச்சுத் திணறும் மீன் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேல்மட்டத்திலேயே சோர்ந்து தொங்கும்; செவுள் மூடிகள் படபடவென்று அடித்துக்கொள்ளும். இதை ஒருமுறை பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டிவிட்டால், பின்பு அவர்களே நமக்குச் சொல்வார்கள். தொட்டியில் பாசியோ நீர்ச்செடியோ மண்டியிருந்தால் விடியற்காலையில் கட்டாயம் பார்க்கவும். பகலில் பிராணவாயு தரும் செடிகள் இரவில் அதை எடுத்துக்கொள்வதால், பொழுது விடியும் நேரமே மீனுக்கு மிக நெருக்கடியான நேரம்.

சூட்டோடு சேர்ந்து வரும் மற்றொரு கேடு அம்மோனியா. மீனின் செவுள்களிலிருந்து வெளிப்படும் இக்கழிவு நீரில் இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தீங்கற்றது, மற்றொன்று நஞ்சு. நீரின் காரத்தன்மையும் சூடும் ஏற ஏற, நஞ்சான வடிவத்தின் பங்கு பெருகும். காரகாடித்தன்மை எண் 8 ஆக உள்ள நீரில், 20 டிகிரியில் நூற்றுக்கு 4 பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் நஞ்சு, 30 டிகிரியில் ஏழரைப் பங்காகிவிடும். அதாவது சனவரியில் தாங்கிக்கொண்ட அதே அழுக்கை மே மாதத்தில் மீன் தாங்காது. ஆகவே கோடையில் தீனியைப் பாதியாகக் குறைப்பதும், வாரம் ஒருமுறை கால்வாசி நீரை மாற்றுவதும் சூட்டைத் தணிப்பதற்குச் சமமான உதவிகளாகும்.

இனி, ஐஸ் கட்டியின் கதைக்கு வருவோம். 1942ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரை என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும் இளம் தங்க மீன்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். எந்தச் சூட்டில் மீன் இறக்கிறது என்பது அவர்களுடைய வினா. அது முன்பு எந்தச் சூட்டில் வாழ்ந்து பழகியது என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது என்று கண்டார்கள். பழகிய நீரின் சூடு 3 டிகிரி உயர்ந்தால், மீன் தாங்கும் உச்ச எல்லை சுமார் 1 டிகிரி உயர்கிறது. இவ்வாறு மெல்ல மெல்லப் பழக்கினால் அவ்வெல்லை சுமார் 41 டிகிரி வரை செல்கிறது. (இது சாவின் எல்லை, வாழ்வின் எல்லையன்று. 35 டிகிரியில் வைக்கலாம் போலும் என்று யாரும் எண்ண வேண்டாம்.) சூடான நீரில் பழகிய மீன் குளிரைத் தாங்கும் ஆற்றலில் ஒரு பகுதியை இழந்துவிடும் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது.

இதிலிருந்து நமக்குக் கிடைப்பது மிகவும் ஆறுதலான செய்தி. சென்னைக் கொளத்தூர்க் கடைகளிலும் நம் ஊர்ச் சந்தைகளிலும் விற்கும் தங்க மீன்களுள் பெரும்பாலானவை நம் மாநிலத்திலேயே, திறந்தவெளித் தொட்டிகளிலும் குளங்களிலும் பொரித்து வளர்க்கப்பட்டவை. குஞ்சுப் பருவம் முதலே 28, 30 டிகிரி நீரை அவை அறிந்திருக்கின்றன. இடம் தாராளமாகவும், நீர் தூய்மையாகவும், காற்றோட்டம் நிறைவாகவும் இருந்தால், கோடையின் இரண்டு மூன்று மாதங்களை 30 டிகிரியிலும் கழித்துவிடும். அதற்குப் பொறுக்காதது திடீர் மாற்றம். ஒரு மணி நேரத்தில் 1 டிகிரி, மிஞ்சினால் 2 டிகிரிக்கு மேல் ஏறவோ இறங்கவோ விடலாகாது.

திருச்சிக் குடுவையில் ஐஸ் என்ன செய்திருக்கும் என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடுவையில் 5 லிட்டர் நீர் 32 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். அதில் அரைக் கிலோ ஐஸ் போட்டால், அது உருகி முடிகையில் நீர் 22 டிகிரிக்கு இறங்கிவிடும். அரை மணியில் பத்து டிகிரி வீழ்ச்சி! நூலில் சொன்ன எண் கிடைத்துவிட்டது, மீன் கிடைக்கவில்லை. அதே ஐஸ் கட்டியை இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உள்ள, சுமார் 55 லிட்டர் கொள்ளும் தொட்டியில் போட்டிருந்தால், நீர் ஒரு டிகிரிதான் இறங்கியிருக்கும். பெரிய நீர்ப்பரப்பு தானாகவே பொறுமையுடையது. வெயிலுக்கும் சட்டென்று சூடேறாது. குளிருக்கும் சட்டென்று தணியாது. ஐஸ் போட்டே தீரவேண்டிய நெருக்கடி வந்தால், தண்ணீரை ஒரு புட்டியில் உறையவைத்து, மூடி இறுக்கிய அப்புட்டியைப் பெரிய தொட்டியில் மிதக்கவிட்டு, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு டிகிரி இறங்கியதும் எடுத்துவிட வேண்டும். குடுவையில் அதுவும் கூடாது.

ஐஸைக் காட்டிலும் நம் வீடுகளில் அதிக மீன்களைக் கொல்வது ஒன்று உண்டு; அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது மாடித் தொட்டியின் நீர். மொட்டை மாடியில் கறுப்பு நிறப் பிளாஸ்டிக் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில், கோடை நண்பகலில் குழாயைத் திறந்தால் கை சுடும். அந்நீர் 40 டிகிரியைத் தொடுவதுண்டு. விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் மதியம் பொழுதுபோகாமல் "தொட்டி கழுவுகிறோம்" என்று முழு நீரையும் கொட்டிவிட்டு, குழாய் நீரை நேராக ஊற்றுவார்கள். மீன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாய்ந்துவிடும். நீர் மாற்றுவதற்கான நேரம் காலை ஆறு, ஏழு மணி. அதற்கான நீரை முந்தின நாள் காலையிலேயே பிடித்து, அகன்ற பாத்திரத்தில் அதே அறையில் திறந்து வைக்கவேண்டும். ஓர் இரவும் பகலும் நின்றால் நகராட்சி நீரில் கலந்துள்ள குளோரினும் பெரும்பாலும் போய்விடும். நீரின் சூடும் தொட்டி நீரோடு ஒத்துவிடும். அவசரமெனில் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கி (சோடியம் தயோசல்பேட்) ஒரு வழி. அது குளோரினை மட்டுமே போக்கும், சூட்டைப் போக்காது.

கையை விட்டுப் பார்த்து, "சரியாகத்தான் இருக்கிறது" என்று முடிவு கட்டுவதையும் விட்டுவிடுவோம். பாத்திரம் துலக்கிய கைக்கு ஒரு சூடு, அடுப்படியிலிருந்து வந்த கைக்கு வேறு சூடு. தொட்டிக்குள் ஒட்டிவைக்கும் வெப்பமானி மிகச் சிறிய செலவுதான். நான்கு வண்ணக் கற்களும், வாயைத் திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலையும் வாங்குகிறவர்கள், வெப்பமானி வாங்கத் தயங்குவது ஏனென்று நமக்கு விளங்கவில்லை. காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் அளவைப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். இரண்டு அளவுகளுக்கும் இடையே 3 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால், தொட்டி தவறான இடத்தில் இருக்கிறது என்று பொருள்.

இடத்தைப் பொறுத்தவரை, மேற்குச் சன்னலும், குளிர்பதனப் பெட்டியின் மேற்பக்கமும், தொலைக்காட்சிப் பெட்டியின் அருகும், ஓட்டுக்கூரைக்கு நேர்கீழான பரணும் ஆகா. வீட்டின் நடு அறையில், வெயில் படாத சுவரோரம், தரைக்கு அருகில் வைப்பதே மேல். தரையோரக் காற்று கூரையோரக் காற்றைவிடக் குளிர்ந்தது என்பதைக் கோடையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் அறிவார்கள்.

குடுவையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பரிசளித்த ஞானத்தந்தை மனம் வருந்தக் கூடாது, அழகான பொருள்தான். எனினும் 2005ஆம் ஆண்டில் உரோமை நகராட்சி, உருண்டைக் கண்ணாடிக் குடுவைகளில் தங்க மீன் வளர்ப்பதைத் தடை செய்தே விதி இயற்றியது. காற்றிலிருந்து பிராணவாயு நீரில் கலப்பது மேற்பரப்பின் வழியாகத்தான். குடுவையைக் கழுத்துவரை நிரப்பினால் அம்மேற்பரப்பு ஒரு தட்டளவுக்குச் சுருங்கிவிடுகிறது. வேறு தொட்டி வாங்கும்வரை, குடுவையின் வயிறு அகன்றிருக்கும் பாதி மட்டத்துக்கு மட்டும் நீர் ஊற்றுங்கள்; நீர் குறைந்தாலும் மூச்சுக்கு அது நல்லது. அத்துடன் ஒரு குடுவைக்கு ஒரு மீன் போதும். பிறகு, வசதி கிடைத்ததும், உயரமான தொட்டியைவிட அகலமான தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக் கொல்லையில் பழைய சிமெண்டுத் தொட்டி இருந்தால், நிழலில் வைத்து நன்றாக ஊறவைத்துக் கழுவிப் பயன்படுத்தலாம். பூனைக்கும் காக்கைக்கும் வலை கட்டுவதை மறக்க வேண்டாம்.

நீரைக் குளிர்விக்க மிகச் சிறந்த வழி நம் பாட்டிமார் அறிந்த மண்பானை வழியேயாகும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் சூட்டை எடுத்துச் செல்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, கொசுவலைத் துணி கட்டி, சிறு மின்விசிறியின் காற்று நீரின் மேற்பரப்பில் சாய்வாகப் படுமாறு வைத்தால் இதுவே நிகழ்கிறது. 55 லிட்டர் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் நீர் ஆவியாவது, வெளியிலிருந்து வேறு சூடு புகாதிருந்தால், பத்து டிகிரியைக் குறைக்கப் போதுமான வெப்பத்தை எடுத்துவிடும். அறையின் சூடு இடைவிடாமல் உள்ளே புகுந்துகொண்டிருப்பதால் நடைமுறையில் இரண்டு மூன்று டிகிரிதான் குறையும். அதுவே போதுமானது. திருச்சி, மதுரை, சேலம் போன்ற வறண்ட காற்று வீசும் ஊர்களில் இம்முறை நன்கு பயன் தரும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் பயன் குறைவு. ஆயினும் நீரின் மேற்பரப்பு அசைவதால் காற்றோட்டமாவது கிடைக்கும். மின்விசிறியின் கம்பி நீரில் படாதவாறு கட்டுவது வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பு. ஆவியாகிக் குறைந்த நீரை நாள்தோறும் காலையில், ஆறவைத்த நீரால் நிரப்ப வேண்டும். நீர் ஆவியானாலும் உப்புகளும் கழிவும் தொட்டியிலேயே தங்கிவிடுவதால், இவ்வாறு நிரப்புவது வாராந்தர நீர் மாற்றத்துக்கு ஈடாகாது.

காற்றுக் குமிழி விடும் மோட்டாரைக் கோடையில் இரவும் பகலும் ஓடவிடுங்கள். குமிழிகள் நேராகக் கரைவதைவிட, நீரைக் கலக்கி மேற்பரப்பைப் புதுப்பிப்பதே அவற்றின் முக்கியப் பணி. மின்சாரம் நின்றுவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு குவளையால் தொட்டி நீரை மொண்டு, அரையடி உயரத்திலிருந்து, காபி ஆற்றுவதுபோல மீண்டும் தொட்டியிலேயே ஊற்றுங்கள். ஐந்து பத்து நிமிடம் இவ்வாறு செய்து, அரைமணிக்கு ஒருமுறை தொடர்ந்தால், மீன் ஓர் இரவைக் கடந்துவிடும். பேட்டரியில் ஓடும் சிறிய மோட்டார்களும் கடைகளில் உண்டு. மின்வெட்டு மிகுந்த ஊர்களில் அதை வாங்கி வைப்பது வீண் செலவன்று. பல ஆயிரங்கள் விலையுள்ள நீர் குளிர்விக்கும் இயந்திரங்களும் விற்கின்றன. இரண்டு தங்க மீன்கள் வளர்க்கும் இல்லத்துக்கு அவை தேவையே இல்லை.

ஹீட்டரைப் பற்றி முன்பே கேட்டார்கள். சமவெளியில் வாழும் தங்க மீனுக்கு அது வேண்டுவதில்லை. சென்னையில் மார்கழிப் பனியிலும் பின்னிரவுச் சூடு சராசரியாக 21 டிகிரி அளவில்தான் நிற்கிறது. தங்க மீனுக்கு அது விருந்து. உதகையிலும் கொடைக்கானலிலும் குளிர்கால இரவுகள் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். அங்கும் வீட்டுக்குள் வைத்த தொட்டியில் காமெட்டும் சாதாரணத் தங்க மீனும் கவலையின்றி வாழும். ஒராண்டா போன்ற பருத்த மீன்கள் இருந்தால் மட்டும், நீர் 16 டிகிரிக்குக் கீழே போகாமல் காக்க ஹீட்டர் உதவலாம். நீர் 10 டிகிரிக்கு இறங்கும் நாட்களில் மீனுக்குச் செரிமானம் ஏறக்குறைய நின்றுவிடுவதால் தீனி போடலாகாது. கடைக்காரர்கள் ஹீட்டரைத் தருவதற்கு வேறு காரணமும் உண்டு. வெண்புள்ளி நோய்க்குக் காரணமான நுண்ணுயிரியின் வாழ்க்கைச் சுற்று, 10 டிகிரியில் ஒரு மாதத்துக்கு மேலாக நீளும். 25 டிகிரியில் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். நீரைச் சூடாக்கி அச்சுற்றை விரைவுபடுத்தினால் மருந்து எளிதில் வேலை செய்யும் என்பது அவர்கள் கணக்கு. வெப்ப நாட்டு மீன்களுக்கு அது பொருந்தும். ஏற்கெனவே 30 டிகிரியில் திணறும் தங்க மீனுக்கு அதைச் செய்தால் நோய்க்கு முன்பே மீன் போய்விடும்.

தங்க மீனோடு ஏஞ்சலையும் ஃபைட்டரையும் சேர்த்து வளர்க்கலாமா என்று வேறு சிலர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. அவற்றுக்கு 25 முதல் 28 டிகிரி வரை வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணைப் பிடித்தால், இரு சாராருக்கும் நிறைவிராது. மேலும் தங்க மீன் தன் வாயில் நுழைவது எதுவானாலும் விழுங்கிப் பார்க்கும் இயல்புடையது.

"இரண்டு மாதம் வாழ்ந்தாலே பெரிது, சாவது அதன் இயல்பு" என்று பிள்ளைகளைத் தேற்றுகிறவர்கள் நம்மிடையே பலர். அது உண்மையன்று. இங்கிலாந்து நாட்டின் யார்க்ஷயர் பகுதியில், 1956ஆம் ஆண்டு ஒரு சந்தைத் திருவிழாவில் பரிசாகக் கிடைத்த தங்க மீன் ஒன்று 1999ஆம் ஆண்டுவரை உயிரோடிருந்தது. 'டிஷ்' என்று பெயரிடப்பட்ட அம்மீனுக்கு அப்போது வயது 43. அவ்வளவு நெடுங்காலம் அரிதுதான். எனினும் நன்கு பேணப்படும் தங்க மீன் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழ்வது சாதாரணம். பிள்ளை தன் பரிசு மீன் இறந்ததற்குக் காரணம் கேட்டால், "நீரில் காற்றுப் போதவில்லை" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவதே நேர்மை. அடுத்த மீனுக்கு அது பயன்படும்.

அந்த அடுத்த மீனை ஏப்ரல், மே மாதங்களில் வாங்க வேண்டாம். கடைத் தொட்டியின் நெருக்கடியிலும், பேருந்துப் பயணத்தில் பையின் சூட்டிலும் பாதி உயிர் போய்த்தான் அது வீடு வந்து சேரும். மழைக்காலம் தொடங்கி நீர் 25, 26 டிகிரிக்கு இறங்கிய பின் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரிக்காமல் தொட்டி நீரில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு பையைத் திறந்து, தொட்டி நீரைச் சிறிது சிறிதாக அதில் சேர்த்து, இறுதியில் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். வளர்க்க இயலாமற்போன மீனை ஊர்க் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடுவது இரக்கம் என்று எண்ணாதீர்கள். அங்குள்ள மீன்களுக்கு அது நோயையும் போட்டியையும் கொண்டு செல்லும். வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாம்.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நான்கைந்து நாள் குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள், தொட்டியில் ஒரு கை தீனியை அள்ளிப் போட்டுவிட்டுப் போவது வழக்கம். அது வேண்டாம். வளர்ந்த, நலமுள்ள தங்க மீன் ஒரு வாரம் உண்ணாமலிருந்தாலும் தீங்கில்லை. புறப்படும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு கால்வாசி நீரை மாற்றி, தொட்டியை நிழலில் வைத்து, சன்னலின் மேற்பாதியைத் திறந்து வையுங்கள். சாவியை அடுத்த வீட்டில் கொடுக்கும்போது, தீனி போட வேண்டாமென்றும், மோட்டார் ஓடுகிறதா என்று மட்டும் காலையும் மாலையும் ஒருமுறை பார்க்குமாறும் சொல்லிவிட்டுப் போங்கள்.